விருதும் உழைப்பும்: கொழும்பு மாநகரின் பொதுப்பணி குறித்துச் சில சிந்தனைகள்

1

உள்ளூராட்சி மன்றங்கள் விருது பெறுவதும், பெற்ற விருதினைக் கொண்டாட விழாவெடுப்பதும் இன்று நாடெங்கணும் வழமையாகிவிட்டன. தேசிய உற்பத்தித்திறன் விருது முதலாக அனைத்துலக அமைப்புகள் வழங்கும் அங்கீகாரங்கள் ஈறாகப் பல்வகைச் சிறப்புகள் மாநகரசபைகளையும் நகரசபைகளையும் பிரதேச சபைகளையும் வந்தடைகின்றன. மேடையிலே முதல்வர் விருதினை ஏற்கிறார். ஆணையாளர் அருகே நிற்கிறார். திணைக்களத் தலைவர்கள் படத்துக்கு அணிவகுக்கின்றனர். ‘இது எமது ஊழியர்களுக்கும் மக்களுக்கும் கிடைத்த வெற்றி’ என்னும் வாக்கியம் தவறாது சொல்லப்படுகின்றது. அவ்வாக்கியத்தின் பொருள் யாது? வெற்றிக்கு உரியோர் எனப்படும் ஊழியர் யாவர், மக்கள் யாவர்? இவ்வினாக்களைக் கொழும்பு மாநகரை உதாரணமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாநகரசபையின் விருது இலக்கிய ஆய்வாளரின் கவனத்துக்குரிய பொருளா என்று சிலர் வினவக்கூடும். தமிழிலே பாராட்டுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. பாடாண் திணை, ஆற்றுப்படை, மெய்க்கீர்த்தி, உலா என்பன யாவும் ஒருவரைப் பலரறியப் புகழும் வடிவங்களே. அவற்றிலே யார் புகழப்படுகின்றனர், யாருடைய பெயர் விடுபடுகின்றது, புகழோடு கூடவே எப்பொருள் கைமாறுகின்றது என்பனவற்றை நோக்கின் அவ்வக்காலச் சமுதாய அமைப்புத் தெளிவாகப் புலனாகும். விருது விழாவில் வாசிக்கப்படும் பாராட்டுரையும் இம்மரபின் இக்கால வடிவம் என்றே நாம் கருதுகிறோம். ஆகவே மெய்க்கீர்த்தியை ஆராய்வதற்கு நாம் கையாளும் முறையினை இதற்கும் கையாளுதல் பொருத்தமானதே.

2

இத்தொடர்பிலே தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகள் ஓர் அரிய ஒப்பீட்டுக்கு இடமளிக்கின்றன. முதலாம் இராசராசன் எடுப்பித்த அக்கோயில் 1010ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. அதன் சுவர்களிலே மன்னனின் மெய்க்கீர்த்தி பொறிக்கப்பட்டிருத்தல் எதிர்பார்க்கத்தக்கதே. ஆயின், அதே சுவர்களில் வேறொரு பட்டியலும் காணப்படுகின்றது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டனர் என்பதும், தஞ்சையில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட தெருவும் வீடும் அங்கே குறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் என்னும் பங்கும் எழுதப்பட்டுள்ளது. அப்பெண்களையடுத்து நட்டுவர், பாடுவோர், தையற்காரர், தச்சர், நாவிதர், ஆடை வெளுக்கும் ஈரங்கொல்லிகள் ஆகியோரின் பங்குகளும் வகுக்கப்பட்டுள்ளன. கோயிலின் தலைமைத் தச்சனான குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயரும் கல்லில் இடம்பெற்றுள்ளது.

இதனைக் காட்டிச் சோழர் காலத்தைப் பொற்காலமெனப் போற்றுவது எமது கருத்தன்று. கல்லை இழுத்தவர், மண்ணைச் சுமந்தவர், கோயிலுக்கு நெல் அளந்த கிராமங்களிலே வயலில் இறங்கியவர் ஆகியோருக்கு அச்சுவரில் இடமில்லை. ஊர்விட்டு ஊர் கொண்டுவரப்பட்ட பெண்களின் விருப்பம் கேட்கப்பட்டதாகவும் சான்றில்லை. அப்பட்டியல் பெருமளவுக்குக் கணக்கேடே. எனினும் அதிலே மனங்கொளத்தக்க பண்பு ஒன்றுண்டு. பெயர் பொறிக்கப்பட்ட இடத்திலேயே நெல்லும் பொறிக்கப்பட்டது. ஊழியம், ஊழியரின் பெயர், ஊழியருக்குரிய பங்கு ஆகிய மூன்றும் ஒருங்கே எழுதப்பட்டன. நிலவுடைமைச் சமுதாயத்தின் பேரரசு ஒன்று தன் ஈரங்கொல்லிக்குரிய பங்கைக் கல்லில் எழுதி உறுதிசெய்தது. மக்களாட்சியின் பெயரால் இயங்கும் இன்றைய மாநகரங்கள் தமது துப்புரவுத் தொழிலாளிக்கு அதனை எவ்வளவுக்குச் செய்துள்ளன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

3

கொழும்பு பெற்ற சிறப்புகளுள் அனைத்துலகக் கவனத்தை ஈர்த்தது 2018ஆம் ஆண்டு கிடைத்த ஈரநில நகரம் என்னும் அங்கீகாரமாகும். ஈரநிலங்களைப் பேணுதற்கான சமவாயம் 1971 பெப்ரவரி 2ஆந் திகதி ஈரானிலுள்ள ராம்சார் நகரிலே கையெழுத்தாயிற்று. இலங்கை 1990இல் அதில் இணைந்தது. தம் எல்லைக்குள்ளும் அயலிலும் உள்ள ஈரநிலங்களைப் பேணும் நகரங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் திட்டத்தினை அச்சமவாய நாடுகளின் 12ஆவது மாநாடு 2015இல் உருகுவேயில் ஏற்றுக்கொண்டது. 2018 ஒக்டோபரிலே துபாயில் நடைபெற்ற 13ஆவது மாநாட்டில் முதன்முறையாக 7 நாடுகளைச் சேர்ந்த 18 நகரங்கள் இவ்வங்கீகாரத்தைப் பெற்றன. சீனா, கொரியா, பிரான்சு, ஹங்கேரி, மடகஸ்கார், துனீசியா ஆகிய நாடுகளின் நகரங்களோடு கொழும்பும் அவ்வரிசையில் இடம்பெற்றது.

இது வெறும் அலங்காரச் சிறப்பன்று. கொழும்பும் அதனைச் சூழ்ந்த கோட்டே, கொலன்னாவை, கடுவலை முதலிய பகுதிகளும் தாழ்நிலத்தில் அமைந்தவை. பெத்தகான, தலங்கம, ஹீன் எல, கொலன்னாவை முதலிய இடங்களிலுள்ள சதுப்புகளும் வயற்பரப்புகளும் ஏரிகளும் சேர்ந்து ஏறக்குறைய 20 சதுர கிலோமீற்றர் பரப்பினவாகும். பெருமழை பெய்யுங்கால் நீர் முதலில் இச்சதுப்புகளிலே தங்குகின்றது. பின்னர் கால்வாய்கள் வழியே மெல்ல மெல்ல வடக்கே களனி கங்கைக்கும் மேற்கே கடலுக்கும் செல்கின்றது. கிருலப்பனைப் பக்கமிருந்து வந்து வெள்ளவத்தையிலே கடலைச் சேரும் கால்வாய் அத்தகைய வழிகளுள் ஒன்று. காலி வீதியிற் பாலத்தைக் கடந்து செல்லும் எம்மிற் பலர் அதனை அழுக்கு வாய்க்கால் என்றே அறிவோம். அது அடைபட்டால் வெள்ளம் முதலில் நுழைவது கரையோரக் குடிசைகளிலேயாயினும், அங்கேயே நின்றுவிடுவதில்லை. 2010 நவம்பர் மழையிலே பாராளுமன்ற வளாகமே நீரில் மூழ்கிற்று. 2016 மேயில் களனி பெருகியபோது கொலன்னாவை பெரும் அழிவைக் கண்டது.

இவ்வாறாயின், நகரைக் காப்பது சதுப்பு மாத்திரமா? சதுப்பினைச் சதுப்பாக வைத்திருக்கும் உழைப்பும் அதனோடு கணக்கிடப்பட வேண்டும். ஆகாயத்தாமரை படர்ந்த கால்வாயில் இறங்கி அதனை வாரியெடுப்பவர், கான்களிலே தேங்கும் பிளாத்திக்குப் பைகளையும் போத்தல்களையும் அகற்றுபவர், மழைக்கு முன்னரே வடிகால் வாய்களைத் திறந்துவைப்பவர் ஆகியோரின் நாளாந்தப் பணியின்றி வரைபடத்திலுள்ள எந்த ஈரநிலமும் நீரை ஏந்தாது. இத்தொழிலாளரிற் சிலர் மாநகரசபையினர். சிலர் பிற அரச நிறுவனங்களைச் சேர்ந்தவர். சிலர் ஒப்பந்தகாரரின் கீழ் உழைப்பவர். விருதுக்கான விண்ணப்பத்திலே ‘நகரின் ஈரநில முகாமைத்துவம்’ எனச் சுருக்கமாகக் கூறப்படுவது இவர்களின் கைவினையேயாகும்.

மக்களின் பங்கும் இவ்வாறே. ஈரநில நகரத்துக்குரிய நிபந்தனைகளுள் அங்கு வாழும் மக்களின் பங்கேற்பும் ஒன்று. கொழும்பிலே அத்தகைய பங்கேற்பு 2018இல் திடீரெனத் தோன்றியதன்று. 1973இல், பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது, வீட்டுடைமைக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டம் நிறைவேறிற்று. வாடகைக் குடியிருப்பாளர் பலர் அதனால் உரிமையாளராயினர். 1970களின் பிற்பகுதியில் யுனிசெப் அமைப்பின் துணையோடு மாநகரசபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம் சேரிகளிலும் ‘தோட்டம்’ என வழங்கும் நெருக்கமான குடியிருப்புகளிலும் சமுதாய அபிவிருத்திச் சபைகளை அமைக்கத் தொடங்கிற்று. பொதுக் குழாய், மலசலகூடம், கான் முதலியவற்றைப் பற்றிக் குடியிருப்பாளர் தாமே கூடிப் பேசித் தீர்மானிக்கும் பழக்கம் அச்சபைகளிலே வளர்ந்தது. கொட்டாஞ்சேனையிலும் அயலிலும் உள்ள தோட்டங்களில் வாழ்வோர் மாநகரசபையின் தயவில் வாழும் கூட்டத்தினர் என்னும் எண்ணத்தை அவ்வனுபவம் மறுக்கின்றது.

4

பெற்ற சிறப்பின் மறுபக்கத்தையும் நோக்குதல் எமது கடமையாகும். ஒவ்வொரு நகரமும் தான் கழித்ததை எங்கேனும் போட வேண்டியுள்ளது. எங்கே போடுகின்றது என்பது வர்க்க உறவுகளைப் பொறுத்தது. கொழும்பின் குப்பை பல ஆண்டுகளாகக் கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள புளூமெண்டாலிலே குவிக்கப்பட்டது. 2009இல் உயர்நீதிமன்றக் கட்டளையை அடுத்து அது மீதொட்டமுல்லைக்கு மாற்றப்பட்டது. மீதொட்டமுல்ல கொலன்னாவைச் சதுப்பினை ஒட்டிய பகுதி. அஃதாவது, எந்த ஈரநிலத்தின் பெயரால் நகரம் பின்னர் சிறப்புப் பெற்றதோ அதே ஈரநிலத் தொகுதியின் விளிம்பிலே நகரின் குப்பை மலையாய் வளர்ந்தது. அயலில் வாழ்ந்தோர் பன்முறை வீதிக்கு இறங்கி எதிர்த்தனர். அவர்தம் குரல் செவிமடுக்கப்படவில்லை. 2017 ஏப்ரில் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, அம்மலை சரிந்து வீடுகளை மூடிற்று. 32 பேர் உயிரிழந்தனர்.

அதற்குப் பதினெட்டு மாதங்களின் பின்னரே துபாயில் விருது கிடைத்தது. விருது பொய்யானது என்று நாம் கூறவரவில்லை. சதுப்புகள் உண்மையில் உள்ளன. அவற்றைக் காக்கும் முயற்சியும் உண்மையானதே. ஆயின், மீதொட்டமுல்ல மக்கள் குப்பைக்கு எதிராக நடத்திய போராட்டமும் ஈரநிலப் பாதுகாப்பின் ஒரு பகுதியே என்பதை எத்தனை பேர் ஏற்றனர்? மன்றம் அழைத்தபோது வந்து மரக்கன்று நடுபவர் மட்டுமே ‘மக்கள்’ எனக் கொள்ளப்படின், மன்றம் தவறிழைக்கையில் அதனைத் தடுக்க முயன்றோர் ‘தொல்லை தருவோர்’ ஆகிவிடுகின்றனர். பின்னர் கொழும்பின் குப்பையைப் புத்தளம் அருவக்காட்டுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் வந்தபோது, 2018இலும் 2019இலும் புத்தளம் மக்கள் அதனை எதிர்த்து நின்றனர். மையத்தின் தூய்மை விளிம்பின் சுமையாவதே இங்கு நாம் காணும் போக்கு. எனவே ஒரு நகரத்துக்குக் கிடைக்கும் விருதினை அந்நகரின் எல்லைக்குள் மாத்திரம் நின்று மதிப்பிடுதல் இயலாது.

5

இனி ஊழியரைப் பற்றி நோக்குவோம். 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் கொழும்பு மாநகரசபை தோன்றிற்று. நகரம் துறைமுகத்தோடு சேர்ந்து வளர்ந்தபோது, 1914இல் கொள்ளைநோயும் வந்தது. வீதி கூட்டவும் மலம் அள்ளவும் கான் துப்புரவு செய்யவும் தென்னிந்தியாவிலிருந்து, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து, தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். கொழும்பில் மட்டுமன்றிக் கண்டி மஹய்யாவையிலும் அவர்தம் குடியிருப்புகள் தோன்றின. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரைப் போன்றே இவர்களிற் பலரையும் நாடற்றோராக்கிற்று. தாம் நாள்தோறும் கூட்டித் துடைத்த நகரின் சபைக்கு உறுப்பினரைத் தெரிவதற்கும் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்கான 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அக்கறை முற்றாக அகலவில்லை.

மாநகர வரலாறு முதல்வர்களின் பெயர்களை நன்கறியும். 1937இல் தெரிவுசெய்யப்பட்ட முதலாவது முதல்வர் டொக்டர் இரத்தினசோதி சரவணமுத்து என்பதையும், 1954இல் சமசமாசக் கட்சியின் என். எம். பெரேரா அப்பதவியை ஏற்றார் என்பதையும் நாம் ஏடுகளிற் படிக்கிறோம். அவர்கள் காலத்திலே கொட்டாஞ்சேனைத் தெருக்களைக் கூட்டியவர் ஒருவரின் பெயரையேனும் நாம் அறியோம்.

அவ்விடைவெளியை நிரப்ப வல்லது இலக்கியமே. தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்தில் எழுதி 1947இல் வெளிவந்த ‘தோட்டியின் மகன்’ நாவலைச் சுந்தர ராமசாமி தமிழாக்கினார். ஆலப்புழை நகரசபையிலே தோட்டி வேலை பார்க்கும் தமிழ்பேசும் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை அது. தன் மகனாவது இத்தொழிலுக்கு வரக்கூடாது எனப் பணம் சேர்க்கும் சுடலைமுத்து, அப்பணத்தை நகரசபைத் தலைவரை நம்பிக் கொடுத்து ஏமாறுகிறான். தனிமனிதனின் சேமிப்பால் அத்தளையை அறுக்க இயலாது என்பதே அக்கதை உணர்த்தும் சமுதாய உண்மை. ஈழத்திலோ, யாழ்ப்பாணத்திலே சிகையலங்காரத் தொழில் செய்துகொண்டே எழுதிய டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்னும் சிறுகதைத் தொகுதி 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசினைப் பெற்றது. தம் பிற்காலத்திலே அவர் ‘மல்லிகை’ இதழைக் கொழும்பிலிருந்து வெளியிட்டார். அப்பரிசு ஒரு தனி எழுத்தாளருக்குக் கிடைத்த சிறப்பு மட்டுமன்று. இலக்கியம் படைக்கும் தகுதி இன்னாருக்கே உரியது என்னும் சாதிய நம்பிக்கையை அது அசைத்தது. உரியவரிடம் சென்று சேரும் விருது சமுதாய உறவுகளைச் சிறிதளவேனும் மாற்றவல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

6

முற்போக்காளருள் ஒருசாரார் விருதுகள் யாவும் முதலாளித்துவ ஏமாற்றே எனக் கூறி ஒதுக்குவர். சான்றிதழும் கைதட்டலும் ஊதிய உயர்வுக்குப் பதிலாகத் தரப்படுகையில் அவர் கூற்றில் நியாயம் உண்டு. 1990களின் பின்னர் கொழும்பின் குப்பை சேகரிப்பிற் பெரும்பகுதி தனியார் ஒப்பந்தத்துக்கு விடப்பட்டது. ஒரே வீதியில் ஒரே வேலையைச் செய்யும் இருவருள் ஒருவர் ஓய்வூதியமுள்ள நிரந்தர ஊழியராகவும் மற்றவர் நாட்கூலியாகவும் இருக்கும் நிலை உருவாயிற்று. விருது மன்றத்துக்கே வழங்கப்படுவதால், ‘எமது ஊழியர்’ என்னும் சொல்லில் இரண்டாமவர் அடங்குவதுமில்லை.

தொழிலாளரைப் பிரித்துவைத்தலின் விளைவை வெள்ளவத்தை ஏற்கெனவே கண்டுள்ளது. 1933இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுட் பலர் இந்தியாவிலிருந்து வந்தோர். இளம் மார்க்சியவாதிகள் அவர்களுக்குத் துணைநின்றனர். 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஏ. ஈ. குணசிங்க, இம்முறை வேலைநிறுத்தத்தை முறியடிக்க ஆட்களை அனுப்பினார். 1940களின் தொடக்கத்தில் அவரே மாநகர முதல்வருமானார். இந்தியர், இலங்கையர் என்னும் பிரிவு அன்று செய்ததை, நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்னும் பிரிவு இன்று செய்யக்கூடும்.

எனினும் விருதினை முற்றாக நிராகரித்தல் எமக்கு உடன்பாடன்று. விருது என்பது ஒருவகையில் எழுத்துமூல வாக்குறுதி. ‘இந்நகரம் இதனைச் செய்கின்றது’ என உலகின் முன் ஒப்புக்கொண்டோர், அதனைத் தொடர்ந்து செய்யக் கடமைப்பட்டோராகின்றனர். ஈரநில நகர அங்கீகாரமும் என்றென்றைக்கும் உரியதன்று. ஆறு ஆண்டுகளுக்கே வழங்கப்படுவது. சதுப்பினை நிரப்பி மாடி கட்ட வருவோரின் முன் அவ்வட்டார மக்கள் எடுத்துக்காட்டத்தக்க ஆவணம் அது. ஊதியமும் பாதுகாப்பும் கோரும் தொழிற்சங்கமும் அதே ஆவணத்தை மேசையில் வைக்கலாம்.

இவற்றை நோக்குமிடத்து, உண்மையான கொண்டாட்டம் எத்தன்மையதாயிருத்தல் வேண்டும் என்பது தெளிவாகும். முதலாவதாக, விருதுக்குக் காரணமான பணியைச் செய்தோரின் பெயர்கள், ஒப்பந்த ஊழியர் உட்பட, சிங்களத்திலும் தமிழிலும் மன்றத்தின் சுவரிலே எழுதப்பட வேண்டும். இரண்டாவதாக, அப்பெயரோடு பங்கும் எழுதப்பட வேண்டும்: நிரந்தர நியமனம், கையுறையும் காலணியும், மருத்துவ வசதி, உரிமையோடு வாழும் வீடு என்பனவே இக்காலத்து நெல். மூன்றாவதாக, மன்றத்தோடு ஒத்துழைத்த மக்களுடன், மன்றத்தின் தவறைச் சுட்டிய மக்களும் மேடைக்கு அழைக்கப்பட வேண்டும். இம்மூன்றும் இல்லாதவிடத்து விழா முதல்வரின் மெய்க்கீர்த்தியாகவே எஞ்சும்.

இறுதியாக எம்மை நோக்கியும் ஒரு வினா உண்டு. வெள்ளவத்தையில் வாழும் தமிழ் நடுத்தர வர்க்கத்தினராகிய நாம், மொழியுரிமை குறித்தும் சமத்துவம் குறித்தும் நிறையப் பேசுவோர். 2017இன் பின்னர் குப்பையைத் தரம்பிரித்து ஒப்படைக்கும் முறை இறுக்கமாக்கப்பட்டபோது, காலையிலே எம் வாயிலில் வந்து நின்றவரோடு முதன்முறையாகப் பேச வேண்டியவரானோம். அவருட் பலர் எம் மொழியையே பேசினர். அவரை ‘நீ’ என்று விளித்தோமா, ‘நீங்கள்’ என்று விளித்தோமா? அவர் பெயரைக் கேட்டோமா? மாநகரசபையிடம் நாம் எதிர்பார்க்கும் கல்வெட்டின் முதல் எழுத்தை எம் வாயிலிலேயே எழுதத் தொடங்கலாம்.